உச்சவரம்புக்குள் ஓர் அணி

ஒன்பதாம் வகுப்பில் சதவீதம் மீள்பார்வை நடந்துகொண்டிருந்த நாள் அது. கடைசி வரிசையில் இரண்டு மாணவர்களுக்குள் ஏதோ சண்டை. என்னவென்று கேட்டேன். "சார், சென்னை டீம்ல இருந்த எல்லாரையும் ஏன் சார் வெச்சுக்கல? இவன் ஓனருக்குக் காசு இல்லைங்கறான்" என்றான் ஒருவன்.

ஓனருக்குக் காசு இல்லாமல் இல்லை. 2025 ஐபிஎல் பருவத்துக்கு ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காக 120 கோடி ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்பது விதி. சென்னை அணி ருதுராஜ், ஜடேஜா இருவருக்கும் தலா 18 கோடி, பதிரனாவுக்கு 13 கோடி, துபேக்கு 12 கோடி, தோனிக்கு 4 கோடி என ஐந்து பேரைத் தக்கவைத்துக்கொண்டது. கூட்டினால் 65 கோடி. மீதி 55 கோடியில்தான் மற்ற எல்லோரையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதி, "ஐந்து பேருக்கே பணத்தில் எத்தனை சதவீதம் போய்விட்டது?" என்று கேட்டதும் சண்டை நின்றது. 54 சதவீதத்துக்குச் சற்று மேல் என்ற விடையும் வந்தது. புத்தகக் கணக்கில் தூங்கி வழியும் சிலரும் அன்று கை தூக்கினார்கள்.

அன்று மாலை யோசித்தேன். ஐபிஎல்லில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து அணிகள் கலைந்துவிடுகின்றன. ஒரு வீரருக்கு நான்கைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டு, இந்த ஆண்டு எடுத்த முடிவு மூன்று ஆண்டு கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும் நிலை இருந்தால் கணக்கு இன்னும் சுவையாக இருக்குமே என்று தேடியபோது அமெரிக்கக் கால்பந்து கிடைத்தது. அதை வைத்து மூன்று பாடவேளைகளில் செய்த செயல்பாட்டைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது நம் பிள்ளைகள் ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். அணிப் பட்டியலில் 53 பேர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் என்ற ஒருவரைச் சுற்றியே அணி அமைகிறது. என்எஃப்எல் என்னும் அந்தத் தொழில்முறைப் போட்டியில் 32 அணிகள். ஆட்ட விதிகள் நமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இதற்கு மேல் நான் விளக்கப் போனபோது வகுப்பு கொட்டாவி விட்டது.

அங்கே 1994 முதல் ஊதிய உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. நில உச்சவரம்பு என்று சமூக அறிவியலில் படித்த சொல்தான் என்பதால் மாணவர்களுக்கு இது எளிதில் பிடிபட்டது. முதலாளிகள் தாமாகப் போட்ட விதி அல்ல இது. வீரர்களின் சங்கமும் அணி உரிமையாளர்களும் 1993-இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் பிறந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர், விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற உரிமை வீரர்களுக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக, ஓர் அணியின் மொத்த ஊதியத்துக்கு வரம்பு வந்தது. இப்போதைய ஒப்பந்தப்படி போட்டியின் வருவாயில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு வீரர்களுக்கு. அந்தப் பங்கிலிருந்துதான் ஆண்டுதோறும் வரம்பு கணக்கிடப்படுகிறது. மேல்வரம்பு மட்டுமல்ல, கீழ்வரம்பும் உண்டு. சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வரம்பில் 90 சதவீதத்தையாவது ஓர் அணி செலவழித்திருக்க வேண்டும். கஞ்சத்தனம் செய்து லாபம் பார்க்க முடியாது.

எண்களைக் கொடுக்கும்போதே ஒரு கணக்கு வந்துவிடுகிறது. அவர்கள் மில்லியனில் எழுதுவார்கள். நாம் கோடியில் எழுத வேண்டும். 1994-இல் வரம்பு 34.6 மில்லியன் டாலர், அதாவது 3.46 கோடி. 2025-இல் 279.2 மில்லியன், அதாவது 27.92 கோடி. "எத்தனை மடங்கு?" என்றால் எட்டு மடங்குக்குச் சற்று மேல். ஏழாம் வகுப்பிலேயே இடமதிப்புக்கு இதைப் பயன்படுத்தலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கொரோனா ஆண்டின் எண்கள். 2020-இல் வரம்பு 19.82 கோடி டாலர். அந்தப் பருவத்தில் அரங்குகள் பெரும்பாலும் காலியாக இருந்ததால் வருவாய் குறைந்து, 2021-இல் வரம்பு 18.25 கோடியாக இறங்கியது. இறக்கம் 1.57 கோடி, அதாவது ஏறத்தாழ 7.9 சதவீதம். "பழைய இடத்துக்கு மீண்டும் ஏற எத்தனை சதவீதம் உயர வேண்டும்?" என்று கேளுங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 7.9 என்பார்கள். 1.57-ஐ 18.25-ஆல் வகுத்தால் 8.6 வரும். அடிமதிப்பு மாறினால் சதவீதம் மாறும் என்பதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தாங்களே தவறு செய்து பார்த்த அன்றுதான் அது நின்றது.

இனி ஓர் உண்மை அணியின் கதை. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 2017-இல் பேட்ரிக் மஹோம்ஸ் என்ற இளைஞரைத் தேர்வு செய்தது. கல்லூரி முடித்து வரும் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. எத்தனையாவது ஆளாகத் தேர்வானாரோ அதற்கேற்ப ஊதியம் ஏறத்தாழ நிர்ணயமாகிவிடும். மஹோம்ஸுக்கு முதல் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு சுமார் 1.6 கோடி டாலர்தான். அவரோ இரண்டாவது பருவத்திலேயே ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். தலைசிறந்த ஆட்டக்காரர் குறைந்த ஊதியத்தில் இருந்ததால் மிச்சமான பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல வீரர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. 2020 பிப்ரவரியில் அந்த அணி 50 ஆண்டுகளுக்குப் பிறகு சூப்பர் பௌல் கோப்பையை வென்றது.

அதே ஆண்டு ஜூலையில் மஹோம்ஸுக்குப் பத்தாண்டு நீட்டிப்பு. அடிப்படை மதிப்பு 45 கோடி டாலர். இப்போது சிக்கல் தொடங்குகிறது. ஒருவரின் பங்கு பெருத்தால் மற்ற 52 பேருக்கு மீதி சுருங்கும். 2022 மார்ச்சில், அந்த அணியின் அதிவேக ஆட்டக்காரரான டைரீக் ஹில்லின் புதிய ஊதியப் பேச்சு முறிந்தது. சீஃப்ஸ் அவரை மயாமி அணிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளைப் பெற்றது. மயாமி அவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3 கோடி டாலர் கணக்கில் ஒப்பந்தம் கொடுத்தது. சீஃப்ஸ், கிடைத்த வாய்ப்புகளையும் பயன்படுத்திக் குறைந்த ஊதிய இளைஞர்களை அணியில் சேர்த்தது. 2023, 2024 பிப்ரவரிகளில் தொடர்ந்து இரண்டு கோப்பைகளை வென்றது.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். "பார்த்தீர்களா, பெரிய ஆட்டக்காரரை விட்டால்தான் வெற்றி" என்று கதையை முடிக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. ஒரு மாணவன், "அப்போ அந்த இன்னொருத்தர் என்ன ஆனார் சார்?" என்று கேட்டு என்னைக் காப்பாற்றினான். ஹில் மயாமியில் மங்கிவிடவில்லை. 2023 பருவத்தில் 1,799 கெஜம் பந்தைப் பிடித்து எடுத்துச் சென்று, அந்தக் கணக்கில் போட்டியிலேயே முதலிடம் பெற்றார். ஊதியமும் கிடைத்தது, பெயரும் நிலைத்தது. சீஃப்ஸ் ஹில்லை விட்டது. மஹோம்ஸை விடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2022-இல் உச்சவரம்பு 20.82 கோடி, அதில் மஹோம்ஸின் கணக்கு 3.58 கோடி. சதவீதம் காணச் சொன்னால் 17.2 வரும். அதற்கு முன் கோப்பை வென்ற குவாட்டர்பேக்குகளில் மிக அதிகப் பங்கு 1994-இல் ஸ்டீவ் யங் பெற்ற 13.1 சதவீதம்தான். ஆகவே 'ஒருவருக்கே இவ்வளவு கொடுத்தால் கோப்பை கிடைக்காது' என்று பலர் நம்பியிருந்தார்கள்.

கதை போதும், செயல்பாட்டுக்கு வருவோம். தேவையானவை பழைய காலண்டர் அட்டைகள், ஸ்கெட்ச் பேனா, ஐந்து குழுக்கள். மில்லியன், கோடி எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வரம்பு 100 புள்ளி என்று வைத்துக்கொள்கிறோம். அணியில் 11 பேர். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு எண்கள்: ஊதியம், திறன்.

முதல் ஆண்டில் முக்கிய வீரர்கள் நால்வர். 'அ' ஊதியம் 12, திறன் 30. 'ஆ' 18-க்கு 20. 'இ' 15-க்கு 14. 'ஈ' 10-க்கு 9. மற்ற ஏழு பேரும் நடுத்தர வீரர்கள். ஒவ்வொருவருக்கும் ஊதியம் 5, திறன் 5. மொத்த ஊதியம் 90, மொத்தத் திறன் 108. வரம்பு 100 என்பதால் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். இளைஞரான 'அ' குறைந்த ஊதியத்தில் இருப்பதுதான் இந்த நிம்மதிக்குக் காரணம் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

இரண்டாம் ஆண்டு. வரம்பு 108 ஆகிறது. ஆனால் 'அ' இப்போது 35 கேட்கிறார், 'ஆ' 24 கேட்கிறார். எல்லோரையும் வைத்துக்கொண்டால் 119. வரம்பைவிட 11 அதிகம். என்ன செய்வது?

மாற்று அட்டைகள் மூன்று வகை. 'இளம் வீரர்' ஊதியம் 4, திறன் 6. ஒரு குழுவுக்கு ஒரே ஒருவர்தான். இதில் தாராளம் காட்டினால் எல்லோரும் நடுத்தர வீரர்களை நீக்கி இளைஞர்களாலேயே அணியை நிரப்பிவிடுவார்கள். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. 'வெளி வீரர்' ஊதியம் 13, திறன் 12, இவரும் ஒருவர்தான். 'குறைந்தபட்ச ஊதிய வீரர்' ஊதியம் 2, திறன் 3. எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். அணியில் 11 பேர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இருபது நிமிடம் கொடுத்தேன். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாக் குழுக்களும் ஒரே தவற்றைச் செய்தன. "'ஆ'வை நீக்கினால் 24 மிச்சம்" என்று எழுதின. நீக்கிய இடத்துக்கு ஒருவர் வர வேண்டுமே? 4 ஊதியத்தில் இளம் வீரர் வந்தால் மிச்சம் 20தான். உண்மையான என்எஃப்எல்லிலும் பருவமில்லா மாதங்களில் அதிக ஊதியமுள்ள 51 பேரின் தொகைதான் பெரும்பாலும் கணக்கில் வரும். ஒருவரை நீக்கினால் 52-ஆம் ஆள் கணக்குக்குள் ஏறிவிடுவார். ஆகவே மிச்சம் எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நிகரச் சேமிப்பு என்ற சொல்லை அந்த இடத்தில்தான் சொன்னேன்.

பிறகு விடைகள் வரத் தொடங்கின. முதல் குழு 'அ'வையே விட்டுவிட்டது. இளம் வீரரை அவர் இடத்தில் வைத்து, ஒரு நடுத்தர வீரருக்குப் பதில் வெளி வீரரை எடுத்தது. ஊதியம் 96, திறன் 91. கையில் 12 புள்ளி மிச்சம் இருந்தும் அதைச் செலவிட ஆளில்லை. இரண்டாம் குழு நான்கு முக்கிய வீரர்களையும் பிடித்துக்கொண்டு, ஒரு நடுத்தர வீரருக்குப் பதில் இளம் வீரரையும் நான்கு பேருக்குப் பதில் குறைந்தபட்ச ஊதிய வீரர்களையும் எடுத்தது. ஊதியம் 106, திறன் 101. மூன்றாம் குழு 'ஈ'யை விட்டு இளம் வீரரை வைத்து, இரண்டு நடுத்தர வீரர்களைக் குறைந்தபட்ச ஊதியக்காரர்களாக மாற்றியது. ஊதியம் 107, திறன் 101. நான்காம் குழு 'ஆ'வை விட்டது. அவர் இடத்தில் வெளி வீரர், ஒரு நடுத்தர வீரருக்குப் பதில் இளம் வீரர். ஊதியம் 107, திறன் மீண்டும் 101.

மூன்று வேறு வழிகள், ஒரே விடை. பலகையில் இதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு. ஐந்தாம் குழு மட்டும் இன்னும் அட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தது. கடைசியில் 102 என்று கூவியது. 'அ', 'ஆ', 'இ' மூவரையும் வைத்துக்கொண்டு வெளி வீரரையும் இளம் வீரரையும் சேர்த்து, ஒரே ஒரு நடுத்தர வீரரோடு, மீதி ஐந்து இடங்களைக் குறைந்தபட்ச ஊதிய வீரர்களால் நிரப்பியிருந்தது. ஊதியம் 106. இந்த அட்டைகளை வைத்து 102-க்கு மேல் போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து சரிபார்த்தேன், நீங்களும் பார்க்கலாம். 11 இடங்களிலும் குறைந்தபட்ச ஊதிய வீரர் இருப்பதாகத் தொடங்குங்கள்: ஊதியம் 22, திறன் 33. ஒவ்வோர் அட்டையையும் மேலே ஏற்றும்போது கூடும் செலவுக்குக் கூடும் திறன் எவ்வளவு என்று விகிதம் காணுங்கள். இளம் வீரர் முதலில் வருவார், அடுத்து 'இ', பிறகு 'அ'வும் வெளி வீரரும் சமமாக. பதினோராம் வகுப்பு வணிகக் கணித ஆசிரியர்களுக்கு இது எங்கே போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பரிசு ஐந்தாம் குழுவுக்கு என்று அறிவிக்கப் போனேன். நான்காம் குழுவிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "சார், அவங்க எத்தனை பேரை வேலையை விட்டு அனுப்புனாங்கன்னு எழுதச் சொல்லுங்க சார்."

எழுதினோம். ஐந்தாம் குழு 'ஈ'யையும் ஆறு நடுத்தர வீரர்களையும் நீக்கியிருந்தது. மொத்தம் ஏழு பேர். நான்காம் குழு 'ஆ'வையும் ஒரு நடுத்தர வீரரையும் மட்டும் நீக்கியிருந்தது. இரண்டு பேர். வித்தியாசம் ஒரு புள்ளி திறன். "'ஆ' பெரிய ஆளு சார், அவருக்கு வேற டீம்ல 24 கிடைக்கும். அஞ்சு ரூபா வாங்குறவருக்கு யாரு சார் கொடுப்பா?" என்றாள்.

ஐந்தாம் குழு சும்மா இருக்கவில்லை. "கேள்வி அது இல்லையே, அதிகத் திறன்தானே கேட்டீங்க" என்று என்னைப் பார்த்தது. அவர்கள் சொன்னதும் சரிதான். நான் கேட்டது திறன் மட்டும்தான். பாதிப் பாடவேளை இந்த வாக்குவாதத்தில் போயிற்று, நான் தடுக்கவில்லை. என்எஃப்எல்லில் இது வெறும் கற்பனை அல்ல. நட்சத்திர வீரர்களைத் தக்கவைக்கும் அணிகள் நடுத்தர ஊதியத்தில் இருக்கும் அனுபவசாலிகளைத்தான் பெரும்பாலும் முதலில் கைவிடுகின்றன. அந்த இடங்களில் இளைஞர்களும் குறைந்தபட்ச ஊதியக்காரர்களும் வருகிறார்கள். அங்கே ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் உறுதியானதும் அல்ல. உறுதியளிக்கப்பட்ட பகுதி போக மீதியை, வீரரை நீக்கிவிட்டால் அணி தர வேண்டியதில்லை.

இரண்டாம் பாடவேளைக்கு ஒரு புதிய விதியைக் கொண்டு போனேன். தள்ளிப்போடும் விதி. என்எஃப்எல்லில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது ஒரு தொகையை உடனே கொடுப்பார்கள். பணம் வீரரின் கைக்குப் போய்விடும்; ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்கு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு, சமமாகப் பிரித்து எழுதலாம். ஏற்கெனவே உள்ள ஊதியத்தையும் இப்படி மாற்றிக்கொள்ளலாம். 2021-இல் வரம்பு இறங்கியபோது சீஃப்ஸ் மஹோம்ஸின் தொகையில் சுமார் 2.17 கோடி டாலரை இவ்வாறு மாற்றியது. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் அந்த ஆண்டில் நின்றது; சுமார் 1.7 கோடி டாலருக்கு இடம் கிடைத்தது. மஹோம்ஸுக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

நம் விளையாட்டில் 'அ'வுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 35. இந்த ஆண்டின் 35-இல் 20-ஐ மாற்றி நான்கு ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம் என்றேன். இந்த ஆண்டு 15-உடன் 5 சேர்ந்து 20. எல்லாக் குழுக்களும் துள்ளின. 119 என்பது 104 ஆகிவிட்டது! யாரையும் நீக்க வேண்டாம், திறன் 108 அப்படியே. நான்காம் குழு மாணவியின் முகத்திலும் சிரிப்பு.

"அடுத்த ஆண்டுக் கணக்கையும் எழுதுங்கள்" என்றேன். அடுத்த மூன்று ஆண்டுகளும் 'அ'வுக்கு 35-உடன் 5 சேர்ந்து 40. வரம்பு 116 ஆக உயரும் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாம் அப்படியே இருந்தால் மொத்தம் 124. மீறல் 8. தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் மொத்தம் 119, மீறல் 3தான். நான்கு ஆண்டுத் தொகையைக் கூட்டச் சொன்னேன்: 20, 40, 40, 40. கூட்டினால் 140. தள்ளிப்போடாவிட்டால் 35-ஐ நான்கால் பெருக்கினால் அதே 140. "ஒண்ணும் குறையலையே சார்!" என்றான் ஒருவன், ஏமாற்றப்பட்டவன் போல. "எங்க வீட்ல நகைக் கடன் மாத்தி வைக்கிற மாதிரிதான் சார்" என்று பக்கத்திலிருந்து இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தப் பேச்சை அங்கேயே விட்டு அடுத்ததற்குப் போனேன். பிள்ளைகளின் வீட்டுக் கடன்களை வகுப்பில் கிளறக் கூடாது. அவர்களாகச் சொன்னாலும் நாம் தொடரக் கூடாது என்பது என் கருத்து.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். தள்ளிப்போடுவது எப்போதும் முட்டாள்தனம் அல்ல. வரம்பு ஆண்டுதோறும் வேகமாக உயர்ந்தால், இன்றைய 5 புள்ளி நாளைய பெரிய வரம்பில் சிறிய பங்காகிவிடும். 100-இல் 5 என்பது 5 சதவீதம். 125-இல் 5 என்பது 4 சதவீதம். துணிந்து இப்படிச் செய்து வென்ற அணிகள் உண்டு. ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது.

அதற்குத்தான் சீட்டு. மூன்றாம் பாடவேளையில் ஒரு டப்பாவில் வீரர்களின் பெயர்களைப் போட்டு ஒன்றை எடுக்கச் சொன்னேன். வந்த பெயர் காயம் பட்டவர். எங்கள் வகுப்பில் முதல் சீட்டிலேயே 'அ' வந்துவிட்டார்! 102 எடுத்த அணியில் அவர் இடத்தில் குறைந்தபட்ச ஊதிய வீரர் வந்தால் திறன் 75. முதல் நாள் எல்லோரும் கேலி செய்த முதல் குழு 91-இல் அசையாமல் நின்றது. அவர்களுடைய கொண்டாட்டத்தைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று.

தள்ளிப்போட்ட அணிக்கு இன்னொரு அடி. ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு முடிவில் 'அ'வை விடுவித்தால், மீதி இரண்டு ஆண்டுகளுக்கு எழுதி வைத்த 5-ம் 5-ம் சேர்ந்து 10 புள்ளி உடனே கணக்கில் விழும். ஆள் இல்லை, ஆனால் அவர் பெயரில் 10 புள்ளி. அமெரிக்கர்கள் இதை டெட் மணி என்கிறார்கள். எங்கள் வகுப்பில் 'பேய்ப் பணம்' என்று பெயர் வைத்தார்கள். அதுவே நன்றாக இருக்கிறது.

பேய்ப் பணத்துக்கு டென்வர் பிராங்கோஸ் அணியைச் சொல்லலாம். 2022-இல் ரஸ்ஸல் வில்சன் என்ற புகழ்பெற்ற குவாட்டர்பேக்கைப் பல வீரர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து வாங்கியது. அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே ஐந்தாண்டு நீட்டிப்பு, 24.5 கோடி டாலர். இரண்டு பருவங்கள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. 2024 மார்ச்சில் விடுவித்தபோது அவர் பெயரில் அணியின் கணக்கில் நின்றது 8.5 கோடி டாலர். 2024-இன் வரம்பு 25.54 கோடி. மூன்றில் ஒரு பங்கு! இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதிக்கொண்டார்கள். வில்சனோ குறைந்தபட்ச ஊதியத்துக்குப் பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார். அவருடைய அந்த ஆண்டுப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது டென்வர். ஆனால் அதே 2024-இல் டென்வர், டிராஃப்டில் எடுத்த போ நிக்ஸ் என்ற புதியவரை வைத்து 10 ஆட்டங்களில் வென்று அடுத்த சுற்றுக்கும் போனது. கணக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை என்பதற்காக இதையும் சேர்த்தே சொன்னேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதைச் சுருக்கிக்கொள்ளலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் திறன் எண்ணே வேண்டாம். 50 ரூபாய் வரம்பு, பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஆறு படங்கள் கட்டாயம் வேண்டும். பிடித்த இரண்டை விடக் கூடாது. கூட்டல், கழித்தலோடு 'இது வேண்டுமானால் அது போகும்' என்பதும் வந்துவிடும். எட்டாம் வகுப்பில் தகவல் செயலாக்கத்தோடு இணைக்கலாம். மேல்நிலை வகுப்புகளில் சமனிலியாக எழுதச் சொல்லலாம். பொருளியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து எடுத்தால் இன்னும் நல்லது. சங்கமும் உரிமையாளர்களும் பேரம் பேசிய கதையை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அட்டைகளின் எண்களை மாற்றும்போது ஒருமுறை நீங்களே விளையாடிப் பாருங்கள். இளம் வீரர் அட்டையில் நான் செய்ததுபோல் ஓர் ஓட்டை விட்டுவிட்டால் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதிப்பீட்டுக்குத் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொரு குழுவும் இறுதி அணியையும், ஊதியம், திறன், நீக்கியவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும், ஏன் இந்த முடிவு என்பதை நான்கு வரியிலும் எழுதித் தர வேண்டும். 'நீக்கியவர்களின் எண்ணிக்கை' என்ற வரிசை என் முதல் படிவத்தில் இல்லை. இப்போது எல்லா வகுப்புக்கும் அதைச் சேர்த்தே கொடுக்கிறேன். ஐந்தாம் குழு கடைசிவரை 102-ஐ மாற்றவில்லை. நீக்கியவர்கள் ஏழு என்று நேர்மையாக எழுதியது. நான்காம் குழு தன் 101-க்குக் கீழே எழுதியிருந்த நான்கு வரியில் மூன்று கணக்கு. நான்காவது வரி, விட்டுவிட்ட அந்த ஒரே நடுத்தர வீரருக்கு மீதமுள்ள 1 புள்ளியைக் கொடுக்கலாமா என்ற கேள்வி. விதியில் அதற்கு இடமில்லை. பக்கத்தில் சரிக்குறி போடுவதா, தவறுக்குறி போடுவதா என்று தெரியாமல் கையொப்பம் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.